கட்டம் போட்ட நோட்டு

க்யூம்ரியில் பனி விழத் தொடங்கி மூன்றாம் நாள்.
ஷட்டர் பூட்டு உறைந்து கிடந்தது.
வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.
ரொட்டி வண்டி இன்னும் வரவில்லை.
கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே
கையுறையைக் கழற்றாமல் சிலுவை போட்டுக்கொண்டு
அவசரமாக ஒரு ஜெபம்.

ரொட்டி கேட்கும் வரி வரைக்கும் தடங்கல் இல்லை.
அடுத்த வரியில்தான் நாக்கு இடறும்.
எங்கள் ஆர்மீனிய ஜெபத்தில் அந்த இடத்தில்
பாவம் என்ற சொல்லே கிடையாது,
கடன் என்றுதான் இருக்கிறது.
"வர்துஹி, அது உவமையம்மா" என்பார் குருவானவர்.
அவருக்கு மளிகைக் கடை இல்லை.

அந்தச் சொல் வந்ததும்
கை தானாக நோட்டைத் தொடும்.
கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு,
அட்டையில் ஒரு முயல்குட்டி,
உள்ளே பாதித் தெரு.
வாத்தியார் நொராயர்: சிகரெட், சிகரெட், சிகரெட், தீப்பெட்டி.
மாடிவீட்டு ஸிருன்: சர்க்கரை இரண்டு கிலோ,
மகன் ரஷ்யாவிலிருந்து பணம் அனுப்பியதும்.
செத்ராக்: நாற்பத்தோராயிரத்து அறுநூறு திராம்.

திராட்சையை ஆசீர்வதிக்கும் திருநாளுக்கு முன்தினம்
கடைசியாக வந்தவன் செத்ராக்.
அதற்குப் பிறகு எதிர்ச்சாரியில்தான் நடை.
பாலம் தாண்டிப் போய்
ரொக்கம் கொடுத்து ரொட்டி வாங்கி
கோட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்புவான்.
என் ஜன்னலைக் கடக்கும்போது
அண்ணாந்து வானத்தில் எதையோ தேடுவான்.
காசு கொடுத்து வாங்கிய ரொட்டியைத்
திருட்டுப் பொருளாய் மறைத்துத் தூக்கிப் போனான்,
என்னால்.

ஒரு வாரம் அந்த வரியை விட்டுவிட்டு ஜெபித்துப் பார்த்தேன்.
பல் விழுந்த பள்ளத்துக்கே போய்ப் போய் நிற்கிறது நாக்கு.

பூகம்பம் வந்த டிசம்பரில் எனக்குப் பத்தொன்பது வயது.
கொடுத்தது ஒரு தகரப் பெட்டி வீடு,
உள்ளே புகைக்குழாய் இல்லாத அடுப்பு.
லாரியிலிருந்து இறங்கிய யாரோ ஒருவன்
குழாய் கொண்டுவந்து பொருத்தினான்,
முழங்கை வரை கரி.
எவ்வளவு என்று கேட்டேன்.
ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
என் இரண்டு பிள்ளைகளும்
அந்த அடுப்பில்தான் குளிரைத் தாண்டினார்கள்.
அதை எந்த நோட்டில் எழுதுவது,
யார் பெயரில்?

நேற்று சாயங்காலம் செத்ராக் எதிரே தெரிந்ததும்
கதவைத் திறந்து கத்திவிட்டேன்.
மன்னிப்பு என்ற சொல்
இந்தத் தெருவின் அகலத்துக்கு அடங்காது.
வாய்க்கு வந்தது இதுதான்:
"உப்பு வந்திருக்கு. உன் வீட்டில் தீர்ந்திருக்குமே."
நின்றான்.
வண்டிகளே இல்லாத சாலையை
இருபுறமும் பார்த்துக் கடந்து வந்தான்.
வாசலில் பூட்ஸை நெடுநேரம் தட்டினான்.
உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு
"எழுதிக்கொள்" என்றான், என்னைப் பாராமல்.
எழுதினேன்.
பென்சிலால்.

பழைய தொகை பேனாவில் அப்படியே இருக்கிறது.
அதன்மேல் கோடு கிழிக்கும் அளவுக்கு
நான் இன்னும் வரவில்லை.
எண்ணெய் மண்டிக்காரன் வெள்ளிக்கிழமை வந்து நிற்பான்,
அவனிடம் உவமை செல்லாது.
ஆனாலும் ரப்பர் ஒன்று வாங்கித்
தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நாத்தனார் அராக்ஸியின் பக்கம் வேறு விஷயம்.
மூவாயிரம் திராம், ஒரு பாட்டில் தேன்.
வாங்கவே இல்லை என்று சாதித்தாள்,
கோயிலில், கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு.
அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதி
அடியில் இரட்டைக் கோடும் போட்டிருக்கிறேன்.

இன்றைக்கும் அந்த வரியில்
பாதிச் சொல்லோடு நிற்கிறேன்.
வெளியே ரொட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது.